வீட்டு உபயோகம்: ஒரு கிலோ

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கம். மண் வேதியியல் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த என் அக்காவின் கணவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொந்தக்காரன், அதே நிலையத்தில் பண்ணைப் பொருளாதாரப் பிரிவில் இருக்கிறவன், வேறு யாரைக் கேட்பார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். நேரம் தவறாதவர், இத்தனை கட்டுரைகள், இத்தனை பாராட்டுக் கடிதங்கள். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். விட்டுப்போனது என்ன, நானாக விட்டதுதான்.

நிலையத்தில் அவருக்கு மில்லிகிராம் என்று பெயர். நேரில் யாரும் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் இயக்குநர்கூட அப்படித்தான் சொல்வார். கேன்டீனில் டீக்கு அரைக் கரண்டி சர்க்கரை என்பார், பிறகு எட்டிப் பார்த்து, "இது பெரிய கரண்டி, முந்தாநாள் போட்டது சின்னது" என்பார். பெண் பார்க்க வந்த அன்று, பஸ் நிறுத்தத்திலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று என் அப்பா பேச்சுக்குத்தான் கேட்டார். "நானூற்றுப் பத்து மீட்டர் இருக்கும்" என்று பதில் வந்தது. அவர்கள் போனபிறகு அப்பா, "இவனுக்குப் பொய் சொல்ல வராது, தைரியமாக் கொடுக்கலாம்" என்றார். கல்யாணமாகி வருடக்கணக்கான பிறகு என் அக்கா இதையே வேறு மாதிரி சொன்னாள்: "இந்த வீட்ல கொஞ்சம்னு ஒரு வார்த்தையே கிடையாதுடா. கொஞ்சம் உப்பு போடுங்கன்னா, எவ்வளவுன்னு கேக்கறார்."

வேலையில் அவரைக் குறை சொல்லவே முடியாது. வயலில் பதினைந்து இடங்களில் எடுத்த மண்ணைத் துணியில் விரித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, கடைசியில் ஒரு கைப்பிடி ஆகும்வரை தானே செய்வார். உதவியாளரிடம் விட மாட்டார். தராசு அறையில் மின்விசிறி கிடையாது, காற்றில் முள் ஆடும் என்று கழற்றிவிட்டார். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள அந்த அறையில் நின்று ஒவ்வொரு எடையையும் மூன்று முறை எடுப்பார். மூன்றும் ஒத்துவராவிட்டால் நான்காவது முறை எடுக்க மாட்டார். மண்ணைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

நகரசபைக்காரர்கள் எங்களிடம் வந்தது அப்போதுதான். ஊர் எல்லையில் குப்பை மலைபோல் குவிந்திருந்தது. அதை மக்கவைத்து உரமாக்கி, சுற்றியிருக்கும் கீரைத் தோட்டங்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். மண்ணுக்கு நல்லதா, விவசாயிக்கு லாபமா, சாப்பிடுகிறவனுக்கு ஆபத்து உண்டா. கேள்வி மூன்று, ஆள் இரண்டு பேர். மண் அவருடையது, லாபம் என்னுடையது. ஆபத்தைக் கணக்கிட நிலையத்தில் ஆளே இல்லை. இயக்குநர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எண்களோடு மல்லுக்கட்டுகிறவர் நீங்கள்தானே என்று அதையும் அவர் தலையில் கட்டினார். அவர் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கி வந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல இரண்டு மாதம் அடிக்கோடு போட்டுப் படித்தார்.

சோதனைக்கு எடுத்த நிலம் அவருடைய உடன்பிறந்த அக்காவுடையது. எங்கள் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. கால்வாய் ஓரமாக அரை ஏக்கர் கீரை. அவளும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும். மகளுக்கு அப்போது ஐந்து வயது, மகனுக்கு மூன்று. "அக்கான்னா இந்தப் பாத்திக்கு இத்தனை கூடைன்னு சொன்னா அத்தனைதான் போடுவா. வேற யாரையும் நம்ப முடியாது" என்றார் அவர். அது சரிதான். பெரியக்கா குச்சி நட்டு, கயிறு கட்டி, கூடைகளை எண்ணிப் போட்டாள். நாலு வருடத்தில் ஒரு கூடைகூடத் தவறவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை நாங்கள் மண்ணும் இலையும் எடுக்கப் போவோம். மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. கட்டாமல் உதிர்ந்தது, ஓட்டை விழுந்தது, கடைக்காரன் கழித்தது எல்லாம் வேகவைத்துத் தட்டில் குன்றாகக் குவிப்பாள். "போதும்க்கா" என்றால், "அது என்ன காசு கொடுத்தா வாங்கினேன், சாப்பிடுடா" என்பாள். மில்லிகிராம் சாப்பிடுவார். பிள்ளைகளும் உட்கார்ந்து அதே குன்றைச் சாப்பிடும். இதை நாங்கள் இரண்டு பேரும் நாலு வருடம் கண்ணால் பார்த்தோம். பார்த்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. மண் கறுத்துப் பொலபொலவென்று ஆனது. விளைச்சல் ஒன்றரை மடங்கு. வாங்குகிற உரச் செலவு பாதிக்கும் கீழே. குப்பையில் கிடக்கும் பழைய பேட்டரி, பெயின்ட் டப்பாவிலிருந்து காட்மியம் என்ற உலோகம் உரத்தில் கலக்கும், அங்கிருந்து இலைக்கு ஏறும், சாப்பிடுகிறவர் சிறுநீரகத்தில் போய் வருடக்கணக்காகத் தங்கிவிடும். அதையும் அவர் விடவில்லை. இலையை அமிலத்தில் கரைத்துக் கரைத்து அளந்தார். பிறகு கணக்கு மிக எளிது: இலையில் எவ்வளவு இருக்கிறது, ஒருவர் ஒருநாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார், அவர் எடை எவ்வளவு. எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதற்கு நகர உணவுக் கணக்கெடுப்பு இருந்தது. எட்டாயிரம் வீடுகள், தலைக்கு அறுபது கிராம் கீரை. அதைப் போட்டார். அறுபது கிலோ எடையுள்ள பெரியவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் கால்பங்குகூட வரவில்லை. ஆபத்தில்லை என்று எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், பச்சை அட்டை. நகரசபை லாரி லாரியாக உரத்தைக் கொடுத்தது. இரண்டே வருடத்தில் அறுநூறு குடும்பங்கள் அதைப் போட ஆரம்பித்தன. எனக்கும் அவருக்கும் ஒரே மேடையில் மாலை போட்டார்கள். அந்தப் படத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

ஒன்பது வருடம் ஓடியது. பெரியக்காவுக்குக் கால் வீங்கியது. மூட்டு வலி என்று தைலம் தடவினாள். முகமும் வீங்கியபிறகுதான் மருத்துவமனைக்கு வந்தாள். சிறுநீரகம் என்றார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. ரத்த அழுத்தமாக இருக்கலாம், இடுப்பு வலிக்கு வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரையாக இருக்கலாம், இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு படிவத்தைப் பார்த்து, தினமும் என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டார்.

"காலைல கீரை, ராத்திரி கீரை. தோட்டத்துல இருக்கும்போது வேற எதுக்குப் போவேன்" என்றாள் பெரியக்கா.

கட்டில் ஓரத்தில் நின்ற மில்லிகிராம் கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து காணாமல் போனார். மறுநாள் காலை நான் அலுவலகம் போனபோது என் அறை வாசலில் நின்றிருந்தார். கையில் பச்சை அட்டை. உள்ளே வந்து மேஜையில் நாற்பத்தோராம் பக்கத்தை விரித்தார். என்னுடைய லாபக் கணக்கு அட்டவணை.

பண்ணைப் பொருளாதாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. விற்ற கீரை மட்டும் வருமானம் இல்லை, வீட்டில் சாப்பிட்டதும் வருமானம்தான், வாங்கியிருந்தால் செலவாகியிருக்குமே. ஆகவே அதையும் அளந்து, சந்தை விலை போட்டு, லாபத்தில் சேர்ப்போம். நான் சேர்த்திருந்தேன். கடைசிக்கு முந்தைய வரி: வீட்டு உபயோகம், நாளொன்றுக்கு ஒரு கிலோ.

அவர் அறுபத்தேழாம் பக்கத்தைத் திருப்பினார். அவருடைய ஆபத்துக் கணக்கு.

"உன் பக்கத்துல ஒரு கிலோ. என் பக்கத்துல அறுபது கிராம். ஒரே வீடு, மாப்ள. ஒரே அட்டைக்குள்ள."

ஒரு கிலோவை நாலு பேருக்குப் பிரித்து, பிள்ளைகளுக்குப் பாதிப் பங்குக்கும் சற்றுக் குறைவாக வைத்தால், பெரியவர்களுக்குத் தலைக்கு முந்நூற்று நாற்பது கிராம் வருகிறது. விளைவிக்கிறவர்கள் விற்காததை எல்லாம் தின்று தீர்க்கிறார்கள். நகரத்து எட்டாயிரம் வீட்டில் அவர்கள் இல்லவே இல்லை. கால்பங்காக இருந்த கணக்கு வரம்பைத் தாண்டிப் போகிறது. நான் லாபம் என்று கூட்டியதுதான் அவர் ஆபத்து என்று கூட்டியிருக்க வேண்டியது. நாலு வருடம் ஒன்றாக வண்டியில் போய், ஒரே தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், ஒருவர் அட்டவணையை ஒருவர் திறந்து பார்க்கவில்லை. அவருக்குத் தட்டில் இருந்தது அக்கா வீட்டுச் சாப்பாடு. கணக்கெடுப்பில் இருந்ததுதான் எண். நாங்கள் படித்த படிப்பு அப்படி.

"இன்னிக்கே எழுதிடலாம். உரத்தை நிறுத்தச் சொல்லணும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"அவசரப்படாதீங்க மாமா. இது ஒரு வீடு. ஒரு வீட்டை வச்சு அறுநூறு வீட்டுக்குச் சொல்ல முடியுமா? கீரையை எவனும் வாங்க மாட்டான், அத்தனை பேர் பொழப்பும் போயிடும். நாற்பது வீடு எடுங்க, எடை போட்டுப் பாருங்க. எண்ணோட போனா யாரும் பேச முடியாது."

கேட்க நியாயமாக இருந்தது. நியாயமாக இருக்கும்படிதான் சொன்னேன். அந்த மனிதரை எங்கே தட்டினால் நிற்பார் என்று எனக்குத் தெரியும். மூன்று முறை எடை போடாமல் எதையும் நம்பாதவரிடம் உன் ஆதாரம் போதாது என்றால் போதும். உண்மை வேறு. அந்த வருடம் பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. பச்சை அட்டைதான் என் பெரிய தகுதி. அதில் ஓட்டை என்று வெளியே தெரிந்தால் பதவி இல்லை. இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கீரைக்காரர்களின் பிழைப்பைப் பற்றி மட்டும் உருகினேன்.

அவர் நாற்பது வீடுகளுக்குப் போனார். சமையலறைத் தராசு ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஏழு நாள். சமைப்பதற்கு முன் எடை, சமைத்தபின் எடை, தட்டில் போட்டது, மிச்சம் வைத்தது. குழந்தைகளுடையதைத் தனியாக. "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாத்தையும் எடை போடறாரே" என்று ஒரு வீட்டில் சிரித்தார்களாம். வெயிலில் கறுத்துப்போனார். அவசரமாக முடிக்கச் சொன்னால் மட்டும் முடிக்க மாட்டார். மழைக்காலம் ஒரு தடவை, கோடை ஒரு தடவை என்று இரண்டு பருவமும் வேண்டும் என்றார். பதினாலு மாதம் ஆனது. அந்தப் பதினாலு மாதமும் லாரிகள் ஓடின. ஆறாம் மாதம் எனக்குப் பதவி வந்தது.

முடிவு பெரியக்கா வீட்டு எண்ணைச் சுற்றியே நின்றது. குழந்தைகள் அட்டவணைதான் மோசம். பெரியவர்களைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் பதினைந்து கிலோ உடம்புக்கு வரம்பு எவ்வளவு சின்னது. அந்த வரம்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர் கட்டுரையை முடித்து, நகரசபைக்கு ஒரு பிரதி, பத்திரிகைக்கு ஒரு பிரதி என்று தயார் செய்தார். உரத்தை நிறுத்தவேண்டும், அந்த மண்ணில் ஏறியது இனி இறங்காது, ஆகவே பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தோட்டத்துக் கீரை கொடுக்கக்கூடாது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா யார் வாயாலயோ கேக்கக் கூடாது. நான்தான் சொல்லணும். நீயும் வா."

பெரியக்காவுக்கு அப்போது வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஓய்வு நாள். வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அடுத்த அறையில் மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மகன் வெளியே போயிருந்தான். என் பையில் கட்டுரை இருந்தது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. கணக்கை எப்படிப் போட்டார், எங்கே தவறினார், எத்தனை கிராம் என்று வரிசையாகச் சொன்னார். இதனால்தான் உனக்கு இப்படி ஆனது என்று சொல்ல முடியாது, ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

பெரியக்கா அவர் கையையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"நீயும்தானேடா என் வீட்ல சாப்பிட்ட" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, "பசங்களுக்கு?" என்றாள்.

அவர் அடுத்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான்தானே அள்ளி அள்ளி வச்சேன். வேணாம் வேணாம்னு அழும், அடிச்சு ஊட்டியிருக்கேன். சொல்லுடா. அதுங்களுக்கு ஏதாவது ஆகுமா?"

"பசங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. கொஞ்சமாத்தான் சாப்பிட்டிருக்கும். கணக்குப் பாத்துட்டேன்" என்றார் மில்லிகிராம்.

கொஞ்சமாத்தான். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். பெரியக்கா என் பக்கம் திரும்பினாள். "இவனுக்குப் பொய் சொல்ல வராது. இருந்தாலும் நீயும் சொல்லு தம்பி."

"ஆமாக்கா" என்றேன்.

"அப்ப சரி. எனக்கு மட்டும்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நோய் வந்தபிறகு நான் பார்த்ததில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் என் பையிலிருந்து கட்டுரையை எடுத்தார். குழந்தைகள் அட்டவணை உள்ள தாளையும், பத்து வயது பற்றிய பத்தியையும் உருவினார். "பொண்ணு படிக்கிறவ. பத்திரிகைல வந்தா படிச்சுடுவா. அக்கா கிட்டப் போய் நிப்பா. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை பெரியவர்கள் கணக்கு மட்டும் போனது. நகரசபை லாரிகளை நிறுத்தியது; குப்பையைப் பிரிக்க ஆள் போட்டது. பத்திரிகையில் மூன்று பத்தி வந்தது. என் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பயந்ததெல்லாம் வீண் பயம் என்பது கூடுதல் தண்டனை. ஆனால் மண் மண்ணாகத்தான் இருந்தது, அறுநூறு வீட்டிலும் கீரை வளர்ந்தது, உதிர்ந்த இலையைப் பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு அள்ளி வைத்தார்கள். வைக்காதே என்று சொல்லும் தாள் மில்லிகிராமின் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

பெரியக்கா எட்டு மாதம் இருந்தாள். அவள் போன பதினோராம் நாள் அவர் அந்தத் தாளை அனுப்பினார். பெரியக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் தானே ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்தார். மகள் சரியாக இருக்கிறாள், மகன் எண் எல்லைக்கோட்டில் நிற்கிறது, வருடா வருடம் பார்க்கிறார்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் பத்திரிகையில் படித்துவிட்டு, எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மாமா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஓய்வு பெற்ற அன்று மாலை, அறையைக் காலி செய்ய அவருக்கு உதவினேன். காலி அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அடக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோலவும் இல்லாமல், ஆறுதல் சொல்வதுபோலவும் இல்லாமல், "இருபத்திரண்டு மாசம் போச்சு மாமா, நம்ம ரெண்டு பேராலயும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பதவி விஷயம் அவருக்குத் தெரியாது என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்படிச் சேத்துக் கூட்டாத மாப்ள. பதினாலு உன்னுது. எட்டு என்னுது" என்றார்.